மூன்றாவது நாற்காலி

சலூன்காரர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஊரையே உட்கார வைத்துப் பிழைக்கிற மனிதர், தான் மட்டும் காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் சாத்துகிறவரை நின்றபடியேதான் இருப்பார். மத்தியானச் சாப்பாடும் நின்றுகொண்டுதான். வீட்டுக்கு வந்தாலும் கால் ஓரிடத்தில் தரிக்காது. விரல்களாவது சும்மா இருக்குமா என்றால் அதுவும் இல்லை, கத்தரி இல்லாமலே காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். தூக்கத்திலும் யாருக்கோ முடி வெட்டுகிறார் என்று மனைவி கேலி செய்வாள்.

அப்பேர்ப்பட்டவர் பெற்ற பிள்ளைக்கு உட்கார முடியாத வியாதி வந்தது. கேட்டால் சிரிப்பார்கள். சிரிப்பார்கள் என்று பயந்துதான் அந்தப் பிள்ளை ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை.

பையனுக்குப் பதினாறு வயது. நீச்சல் குளத்துப் பயிற்சியாளர் அவன் காலை உதறி நீந்துகிற அழகைப் பார்த்து அவனுக்குத் தவளை என்று பெயர் வைத்தார். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. விளையாட்டுப் பள்ளி ஒன்று ஆறே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் கொடுத்து, படிக்கவும் நீந்தவும் வைக்கப் போகிறது. அந்த ஆறில் ஒருவனாகிவிட வேண்டும் என்பதைத் தவிர இரண்டு வருடமாக அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது. இந்த ஆண்டு தவறினால் வயது தாண்டிவிடும், அடுத்த ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேர்வுப் போட்டிக்கு நாற்பது நாள் இருக்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

கண்டுபிடித்தவள் அம்மா. அவளுக்கு லாண்டரியில் வேலை. பதினெட்டு வருடமாக ஊரார் துணியில் உள்ள கறையைப் பார்த்து, இது குழம்பு, இது மை, இது துரு என்று பிரித்துப் போடுகிற கண். கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த மகனுடைய அரைக்கால் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறைதான் பிடித்தாள். சீழும் ரத்தமும் என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளாக வீட்டில் ஒரு மாதம் வருகிற சோப்பு பத்தே நாளில் கரைந்துகொண்டிருந்தது, பையன் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வருவதில்லை. வயசுக் கோளாறு என்று அவளாக நினைத்துக்கொண்டு விட்டுவைத்திருந்தாள். அன்றைக்கு விடவில்லை. அதட்டி, கெஞ்சி, கதவைத் தாழிட்டு, குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தாள். முதுகுத்தண்டு முடிந்து பிட்டம் பிரிகிற இடத்தில், ஊசியால் குத்தியது போல இரண்டு துளைகள் இருந்தன. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

சலூன்காரருக்கு விஷயம் தெரிந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தலையைத் தொடுகிற கை அது. முன்பின் தெரியாதவன் பிடரியில் கடுகளவு கட்டி இருந்தாலும், இதைப் போய் டாக்டரிடம் காட்டு என்று சொல்லி அனுப்புகிறவர். சொந்தப் பிள்ளை ஏழு மாதமாக ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது மட்டும் கண்ணில் படவில்லை. அந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல், ஏண்டா சொல்லலை என்று பையனைத்தான் திட்டினார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

அறுவை சிகிச்சை டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி, ஆனால் ஆற அமரப் பேசுகிறவர். வியாதிக்குப் பைலோனிடல் சைனஸ் என்று பெயர் சொன்னார். முடி தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்த் தங்கிவிடும், உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும், தள்ள முடியாமல் சீழ் வைக்கும், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான் என்றார். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அந்தத் துளைகளை மட்டும் சின்ன வட்டக் கத்தியால் தோண்டி எடுத்து, உள்ளே இருக்கிற முடியை வழித்துச் சுத்தம் செய்துவிடுவது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், மறுநாளே நடக்கலாம், மூன்று நான்கு வாரத்தில் புண் மூடிவிட்டால் தண்ணீரிலும் இறங்கலாம். ஆனால் பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத் திரும்பவும் வரலாம், அந்த இடத்தில் முடி வளராமல் தொடர்ந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இன்னொன்று, அந்தச் சதையை அகலமாக அறுத்தெடுப்பது. அது ஆற மாதக்கணக்காகும். அதிலும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு.

"இவனுக்கு முதல் தடவை, துளையும் ரெண்டுதான். நான் சின்னதைத்தான் சொல்வேன்" என்றார் டாக்டர்.

பையன் முகத்தில் ஏழு மாதத்துக்கு அப்புறம் கொஞ்சம் உயிர் வந்தது. சலூன்காரர்தான் ஒற்றைக்காலில் நின்றார். வெட்டுகிறதுதான் வெட்டுகிறீர்கள், வேரோடு வெட்டிப் போட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப யார் அவஸ்தைப்படுவது என்றார். இதில் வேர் என்று எதுவும் இல்லை, வெளியிலிருந்து போன முடிதான் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அவர் அப்படி அடம்பிடித்ததற்கும் காரணம் இருந்தது. அவருடைய இடது கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு தழும்பு. முடிதிருத்துகிறவர்களுக்கு வருகிற தொல்லை அது. வாடிக்கையாளர் முடி விரலிடுக்கில் குத்தி உள்ளே போய்விடும். ஊசியால் நெம்பி நெம்பி எடுத்துப் பார்த்தார், மூன்று முறை திரும்ப வந்தது. கடைசியில் ஒரு டாக்டர் ஆழமாக அறுத்துவிட்டார், அதோடு ஒழிந்தது. ஆறு வாரம் கத்தரி பிடிக்க முடியவில்லை என்பது வேறு கதை. சின்ன வைத்தியம் என்றாலே ஏமாற்று என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்த முடிச்சு அவிழவே இல்லை.

போதாக்குறைக்கு லாரிக்காரர் வேறு வந்து சேர்ந்தார். தும்பைப்பூவாய் நரைத்த தலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெட்டிக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஓட்டுநர் இருக்கையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் இந்த வியாதி அவருக்கும் வந்து போயிருந்தது. பத்து வாரம் குப்புறப் படுத்தே கிடந்தேன், ஆனால் அதற்கப்புறம் அது என் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை என்று கண்ணாடியைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். பெரிதாகவே வெட்டிவிடச் சொல்லு என்று நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் நான்கு முறை சொன்னார். சலூன்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வெட்டினார்.

வீட்டில் பையன் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான்.

"பெருசா வெட்டினா செலக்‌ஷன் போயிடும்ப்பா."

அவன் கெஞ்சியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துக்கொண்டே அவன் சாதாரணமாகச் சொன்னதுதான் அவரைச் சுட்டது. சரி, சின்னதே செய்துகொள் என்று சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர மனது கேட்கவில்லை. மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் தனியாக டாக்டரிடம் போய் நின்றார். உள்ளே பார்க்கும்போது துளியும் சந்தேகம் வந்தால் பெரிய அறுவையே செய்துவிடலாம் என்று சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். டாக்டருக்கு அதில் இஷ்டமில்லை. வெளியே வந்து உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன், இந்த வரியைப் பற்றிப் பையனிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், மகனிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

சிகிச்சை நாளன்று ஆஸ்பத்திரி நடையில் அவர் நடந்த நடைக்குத் தரை தேயாமல் இருந்ததே ஆச்சரியம். தண்ணீர்க் குழாய்வரை போவார், குடிக்காமல் திரும்புவார். அறிவிப்புப் பலகையைப் படிப்பார், என்ன படித்தோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து படிப்பார். எதிரே காத்திருந்த ஒரு பெரியவரின் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அதைச் சரிசெய்ய அவர் விரல்கள் தவித்தன.

"செத்த நேரம் உக்காருங்களேன், உங்களைப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

அவர் உட்காரவில்லை. உள்ளே தவளை மயக்கத்தில் குப்புறக் கிடப்பான். அவன் எதற்குச் சம்மதித்துப் படுத்தானோ அது ஒன்று, அப்பா எதற்குக் கையெழுத்துப் போட்டாரோ அது ஒன்று. இப்போது நினைத்துப் பார்த்தபோது அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவனுடைய நல்லதுக்குத்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு இன்னொரு நடை நடந்தார்.

கதவு திறந்து டாக்டர் வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டார், கையில் ஒரு சின்ன எஃகுத் தட்டு இருந்தது.

இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ளே ஒரு சின்னக் கிளை தெரிகிறது, இதையும் இதே முறையில் சுத்தம் செய்துவிடலாம் என்பதுதான் என் அபிப்பிராயம், ஆனால் நீங்கள் சந்தேகம் வந்தால் பெரிதாகச் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்க வந்தேன் என்றார். பிறகு தட்டை நீட்டினார்.

"வேர் வேர்னு சொன்னீங்களே, பாருங்க. உள்ள இருந்தது இவ்வளவுதான்."

தட்டில் வெள்ளைத் துணி, துணியில் முடி. சலூன்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். முப்பது வருடத் தொழில் கண்ணுக்கு அது ஒரு நொடி வேலை. இருபது துண்டு இருக்கும், எதுவும் நகத்தின் நீளத்தைத் தாண்டவில்லை. ஒன்றிலும் வேர்க்கால் இல்லை, இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட முடி. சிலது மெஷினில் நேராக வெட்டியது, சிலது சீப்பின் மேல் கத்தரியைச் சாய்த்து வெட்டியது. அந்தச் சாய்வு அவருடையது. வேறு எவன் கை வெட்டும் அப்படி விழாது. அது மட்டுமா, கறுப்புக்கு நடுவே மூன்று நான்கு முடி பளீரென்று வெள்ளையாகக் கிடந்தது.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து நரைக்கும்?

கடையில் மூன்று நாற்காலிகள். கூட்டாளி விலகிப் போனதிலிருந்து மூன்றாவது நாற்காலி சும்மா கிடந்தது. பயிற்சி முடிந்து ஈரம் சொட்டச் சொட்ட வருகிற தவளையை, அங்கே உட்கார்ந்து படிடா என்று அதில் உட்கார வைத்தவர் அவர்தான். தினமும் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் சரிந்து உட்கார்ந்து படிப்பான். பக்கத்து இரண்டு நாற்காலிகளிலிருந்தும் தெறிக்கிற துண்டு முடியெல்லாம் பறந்து அதில்தான் விழும். வாடிக்கையாளருக்கான நாற்காலியை ஒவ்வொரு தலைக்கும் துடைப்பார், இதைத் துடைத்ததே கிடையாது, நம்ம பையன்தானே. மகனுக்கு முடி வெட்டினாலும் அப்படித்தான். ஊரார் எல்லோரும் வெட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்க் குளிப்பார்கள். வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை மட்டும் கழுத்தைத் துண்டால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அந்தச் சட்டையோடே பள்ளிக்கூடம் போவான். முடி என்பது அந்த வீட்டில் அழுக்காகவோ ஆபத்தாகவோ யாருக்கும் தோன்றியதே இல்லை. தன் விரலிடுக்கைக் குத்தின முடி பிள்ளையையும் குத்தும் என்று இந்த மரமண்டைக்கு ஏன் உறைக்கவில்லை என்று அவர் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னதே போதும் டாக்டர். அந்த வரியை அடிச்சிடுங்க" என்றார்.

டாக்டர் உள்ளே போனதும் மனைவி எழுந்து வந்தாள். எந்த வரி என்று கேட்டாள். படிவத்தில் எழுதியதையும், தட்டில் பார்த்த கடை முடியையும் அவர் மென்று விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தார். நடையில் நான்கு பேர் இருந்ததால் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

"அவன்கிட்ட நீங்களே சொல்லணும். ரெண்டையும் சொல்லணும்" என்றாள்.

அன்று சாயங்காலமே பையன் வீடு வந்துவிட்டான். மறுநாள் நடந்தான். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை அம்மா பார்த்துக்கொண்டாள். சலூன்காரர் செய்த முதல் காரியம், மூன்றாவது நாற்காலியைக் கழற்றிப் பின்பக்கக் கொட்டகையில் போட்டது. நாற்காலி எங்கேப்பா என்று பையன் கேட்டபோது கால் உடைந்துவிட்டது என்று வாய் கூசாமல் புளுகினார். அப்புறம் அந்தப் புளுகு வேறு சேர்ந்து அரித்தது. தினமும் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்திருப்பார். அவன் முகத்தைப் பார்த்ததும் தைரியம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும். சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பார், மனைவி ஒரு பார்வை பார்ப்பாள், கடைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார்.

மூன்றாவது வாரம் அந்த இடத்தைச் சுற்றி முடியை எடுக்க வேண்டியிருந்தது. பையன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்தான். சலூன்காரர் மெஷினைப் பூப்போல ஓட்டினார், ஒவ்வொரு துணுக்கையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். வேறு யார் தலையாக இருந்தாலும் அதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசியிருப்பார். இங்கே ஒரு வார்த்தை வரவில்லை.

இருபத்து நான்காம் நாள் டாக்டர் புண் மூடிவிட்டது என்றார், தண்ணீரில் இறங்கலாம் என்றார். தவளை இறங்கினான். பயிற்சியாளர் நேரம் பார்த்துவிட்டுப் பழைய வேகத்துக்குப் பாதகமில்லை என்று சொல்லி அனுப்பினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் வீட்டில் சோப்பு மட்டும் மறுபடியும் பத்து நாளில் தீர்ந்தது. வலி இல்லை, புண் இல்லை, பையன் உள்ளே ஒரு மணி நேரம் என்னதான் செய்கிறான் என்று சலூன்காரருக்கு விளங்கவில்லை.

தேர்வுப் போட்டி நாள் வந்தது. குளக்கரையில் ஏகப்பட்ட பிள்ளைகள், அவர்களைவிட ஏகப்பட்ட பெற்றோர். ஒவ்வொரு வரிசையாகப் பெயர் கூப்பிடக் கூப்பிட, பிள்ளைகள் துண்டை எறிந்துவிட்டு நீச்சல் உடையோடு மேடையில் ஏறினார்கள். தவளை துண்டை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்தது அவன் வரிசை. பயிற்சியாளர் தூரத்திலிருந்து கையசைத்தார். அவன் அசையவில்லை.

"நான் போகலப்பா."

வலிக்கிறதா என்று கேட்டார் சலூன்காரர். இல்லை என்றான். பயமா என்று கேட்டார். அதற்கும் இல்லை. வேறு என்னதான் என்று அவர் பதறிப்போய்க் கேட்க, அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எட்டிப் பாயறப்ப உடை இறங்கினா தழும்பு தெரியும். எதனால வந்துச்சுனு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"எதனாலடா வந்துச்சு?"

"அழுக்கா இருந்தா வரும்னு போன்ல படிச்சேன். அதான் தினமும் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க அதிகமாச்சு. இப்பவும் தேய்க்கறேன்." துண்டு நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னான். "என்னைத் தொடறதுக்கே உங்களுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். அதான் முடி எடுக்கறப்ப நீங்க பேசவே இல்ல."

சலூன்காரர் பேசாமல் இருந்தது தன் குற்றத்தை மறைக்க, பிள்ளை அதை இப்படி அல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"டேய், அது உன் அழுக்கு இல்லடா. உன் முடியே இல்ல. என் கடை முடி." ஒருமுறை திறந்த வாய் அப்புறம் நிற்கவில்லை. "மூணாவது நாற்காலி கால் உடையல, நான்தான் கழட்டிப் போட்டேன். நான் துடைக்காம விட்டதுல நீ உக்காந்த. உள்ள இருந்து எடுத்ததை நான் கண்ணால பாத்தேன். எல்லாம் நான் வெட்டின வெட்டு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இன்னொண்ணும் இருக்கு, உன்கிட்டக் கேக்காம பெரிய ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த முடியைப் பாத்த அப்புறம்தான் வேணாம்னு சொன்னேன்."

பையன் நிமிர்ந்தான். அப்பாவையே வெறித்துப் பார்த்தான். திட்டுவான், துண்டை வீசி எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவான் என்று அவர் எதிர்பார்த்தார். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

"என் முடி இல்லனு எப்படித் தெரியும்?"

"நரைமுடி இருந்துச்சுடா."

"யாருது?"

சலூன்காரர் யோசித்தார். அந்த நிறத்தில் அவர் கடைக்கு வருகிற தலை ஒன்றே ஒன்றுதான்.

"லாரிக்காரரோடதா இருக்கும்."

பையனின் வாய் கோணியது. அழப் போகிறான் என்றுதான் பட்டது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, கூடவே சிரிப்பும் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அந்த ஆளு முடியையா நான் ஏழு மாசம் சோப்பு போட்டுத் தேய்ச்சேன்?"

பெயரைக் கூப்பிட்டார்கள். தவளை முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். பெரிய ஆபரேஷன் விஷயத்தை வீட்டில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, துண்டை அவிழ்த்து அப்பா கையில் கொடுத்தான். அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தான், ஒருமுறைகூடக் கையைப் பின்னால் கொண்டுபோகவில்லை.

சலூன்காரர், மகன் எழுந்துபோன இடத்தில், ஈரமாயிருந்த அந்த பெஞ்சில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விசில் ஊதினார்கள், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.